மூச்சுவிட நேரமில்லாத நாளில் கொஞ்சம் இளைப்பாற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கி கவுன்ட்டர், ஜவுளிக்கடை, ஐ.டி. அலுவலகம், வகுப்பறை, அடுப்படி என்று பல இடங்களில் வேலை பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. விடுப்பு போட்டுவிட்டுக் கொடைக்கானல் போகச் சொல்லும் யோசனை எதுவும் இதில் இல்லை. வேலைக்கு நடுவில், இருக்கிற இடத்திலேயே, பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிகிற காரியங்கள்தான். பாயும் வேண்டாம், மொபைல் ஆப்பும் வேண்டாம்.

டென்ஷனாக இருக்கும்போது "ரிலாக்ஸா இரு" என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் கூடுகிறது. மனசை எப்படித்தான் அடக்குவது?

மனசை அதன் போக்கில் விடுங்கள். உடம்பிலிருந்து தொடங்குவதுதான் குறுக்குவழி.

மேலதிகாரி குரலை உயர்த்தினாலும் சரி, தெருவில் நாய் துரத்தினாலும் சரி, உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேல்மார்போடு நின்றுவிடுகிறது, தோள்பட்டை காதை நோக்கி ஏறுகிறது, தாடை இறுகுகிறது. சண்டை போடவோ தப்பி ஓடவோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இலேயே விளக்கிவிட்டார். நாய் துரத்தினால் ஓடித் தீர்த்துவிடுகிறோம். மேலதிகாரி முன்னால் ஓடவும் முடியாது, கை ஓங்கவும் முடியாது. கிளம்பிய வேகம் முழுக்க உள்ளேயே நிற்கிறது.

இதயத்தைப் பார்த்து 'மெதுவாக அடி' என்று உத்தரவு போட முடியாது. மூச்சும் தசையும் மட்டும் நம் பேச்சைக் கேட்கும். மூச்சை இழுக்கும்போது நாடித்துடிப்பு சற்றுக் கூடுகிறது, விடும்போது குறைகிறது. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள். இளவயதினர் பலருக்கு இந்த வித்தியாசம் விரலிலேயே தெரியும். ஆக, விடுகிற மூச்சை நீட்டினால், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயமும் நிதானத்துக்கு வருகிறது. கீழே வரும் யோசனைகளில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வருபவைதான்.

ஒரே ஒரு நிமிடம்தான் இருக்கிறது. என்ன செய்ய?

பெருமூச்சு விடுங்கள். வேண்டுமென்றே, முறையாக.

மூக்கு வழியாக மூச்சை இழுங்கள். நிறைந்துவிட்டது என்று தோன்றும்போது, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு. அப்புறம் வாய் வழியாக, அவசரமே இல்லாமல், கடைசிவரை விடுங்கள். நாலைந்து தடவை போதும். அழுது ஓய்ந்த குழந்தையைப் பார்த்திருப்பீர்கள்: விசும்பி விசும்பி இரண்டு தடவை இழுத்து, ஒரே மூச்சாக விட்டுவிட்டுத் தூங்கிப்போகும். யாரும் கற்றுக்கொடுக்காமல் உடம்பு செய்கிற வேலை அது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு மாதம், தினம் ஐந்து நிமிடம், சிலருக்கு இந்தப் பெருமூச்சு, சிலருக்கு வேறு மூச்சுப் பயிற்சிகள், சிலருக்குத் தியானம். எல்லாக் குழுவுக்கும் பலன் இருந்தது. மனநிலை அதிகம் தேறியது பெருமூச்சுக் குழுவுக்குத்தான்.

வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. பெருமூச்சு விட்டால் "என்ன சலிச்சுக்கிற?" என்று கேட்பார்கள். பயிற்சி என்று முன்பே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

மூச்சுக்கு 4-4-4-4 (இழு, அடக்கு, விடு, அடக்கு) என்கிறார்கள், 4-7-8 (இழு, அடக்கு, விடு) என்கிறார்கள். எந்தக் கணக்கு சரி?

எல்லாமே சரிதான். எண்ணைவிட இரண்டு விஷயம் முக்கியம்: மூச்சு மெதுவாக வேண்டும், முடிந்தால் விடுவது இழுப்பதைவிட நீளமாக வேண்டும். நாலு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சாதாரணமாக நாம் 12 முதல் 20 வரை விடுகிறோம்.

மரபான பிராணாயாமத்தில் இழுக்க, அடக்க, விட 1:4:2 என்று ஒரு விகிதம் உண்டு. அதிலும் விடுவது இழுப்பதைப் போல இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். ஆனால் நாலு மடங்கு அடக்கி வைப்பது ஆசிரியர் பக்கத்தில் இருந்து பழக வேண்டியது. ஆபீஸ் நாற்காலியில் நீங்களாக முயல வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்குவதையே விட்டுவிடலாம்.

எண்ணுவது பிடிக்காதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கத்தோலிக்க ஜெபமாலையையும் பௌத்த மந்திரம் ஒன்றையும் சொல்லச் சொல்லி மூச்சை அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு வந்து நின்றது. பாட்டி விளக்கேற்றிவிட்டு முணுமுணுக்கும் துதியாகட்டும், தொழுகைக்குப் பின் மணிமாலையில் உருட்டும் திக்ராகட்டும், நீளமான வரியை ஒரே மூச்சில் சொல்லும்போது விடும் மூச்சு தானாக நீள்கிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் பிடித்த பாட்டின் பல்லவியை முனகலாம். மூச்சுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆழமாக மூச்சு இழுத்தால் எனக்குத் தலை சுற்றுகிறதே?

வேகமாகவும் ஆழமாகவும் இழுக்கிறீர்கள். இரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதனால்தான் தலைசுற்றல், விரல் நுனியில் மதமதப்பு. பதற்றத்தில் இருப்பவரிடம் "நல்லா இழுத்து மூச்சு விடு" என்று சொல்வதில் உள்ள கோளாறு இது. அவர் ஏற்கெனவே அதிகமாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார். "மெதுவா விடு" என்று மட்டும் சொல்லுங்கள், இழுப்பதை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

கவுன்ட்டரில் எதிரே ஆள் நிற்கிறார், மீட்டிங்கில் கேமரா ஓடுகிறது. கண்ணை மூடி உட்கார முடியாது. யாருக்கும் தெரியாமல் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பதில் இதுதான்.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் ஒன்றைச் சொன்னார். இறுகியிருக்கும் தசையைத் 'தளர்த்து' என்றால் பலருக்கு எப்படி என்றே தெரியாது. முதலில் இன்னும் இறுக்கிவிட்டு, பிறகு சட்டென்று விடச் சொன்னால், தளர்ச்சி என்றால் என்ன என்று உடம்புக்கே புரிந்துவிடும். அவருடைய முழுப் பயிற்சிக்கு நிறைய நேரம் வேண்டும். கவுன்ட்டரில் செய்ய இடுப்புக்குக் கீழே இருந்து தொடங்குங்கள்.

செருப்புக்குள் கால்விரல்களை மடக்கி, தரையைப் பற்றுவதுபோல ஐந்து நொடி இறுக்கிப் பிடியுங்கள். விட்டுவிடுங்கள். பத்து நொடி ஒன்றும் செய்யாதீர்கள். பாதத்தில் லேசான சூடு பரவும், அதைக் கவனித்தால் போதும். அடுத்து தொடை, அதே கணக்கு. அடுத்து, மேசைக்குக் கீழே இருக்கும் கையை முஷ்டி பிடித்து விடுங்கள். இதற்குள் எதிரே இருப்பவர் பாஸ்புக்கைத் தேடி எடுத்திருக்க மாட்டார்.

முகத்தில் ஒரு இடம் இருக்கிறது, அதுதான் பெரும்பாலும் மறந்துபோவது: தாடை. இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் மேல்பல்லும் கீழ்பல்லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? சும்மா இருக்கும்போது பற்கள் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாக்கையும் கீழே விடுங்கள். பலருக்கு இதைச் செய்ததும் தோள்பட்டையும் சேர்ந்து இறங்கும். மாலையில் வருகிற நெற்றிப்பொட்டு வலிக்கு நாள் முழுக்கப் பல்லைக் கடித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். மாத்திரை போடும் முன் அதையும் யோசியுங்கள்.

நாள் முழுக்க நிற்கிற வேலை. உட்கார்ந்தால்தானே இளைப்பாற?

நியாயமான கேள்வி. இதற்கு மூச்சுப் பயிற்சியைப் பதிலாகச் சொல்வது அநியாயம்.

தமிழ்நாட்டில் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் வந்துவிட்டது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தம் அது. கேரளம் 2018-இலேயே கொண்டுவந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைகளில் வேலை பார்த்த பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது. ஆக, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்வது உங்கள் உரிமை. நாற்காலி இருந்தும் உட்காரத் தயங்க வைக்கும் கண்காணிப்பு கேமராவைப் பற்றியும் சட்டம் யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நின்றே ஆக வேண்டிய நேரத்தில் குதிகாலை உயர்த்தி, இரண்டு நொடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். பத்து, பதினைந்து தடவை. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது காலில் தேங்கிய இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோர் ரூமில் இடம் கிடைத்தால் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்து, கால்களைச் சுவரில் சாய்த்து ஐந்து நிமிடம் வையுங்கள். சேலை கட்டியிருப்பவர்களுக்கு இது சிரமம். பக்கத்தில் ஒரு நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டாலும் பாதிப் பலன் உண்டு.

டீ, காபி குடித்தால் டென்ஷன் குறையுமா?

குடிக்கப் போவதால் குறையும். எழுந்து போவது, நாலு பேரிடம் பேசுவது, சூடான டம்ளரைக் கையில் பிடிப்பது எல்லாம் நல்லதுதான். உள்ளே போகிற கஃபீன் மட்டும் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஏற்கெனவே படபடப்பாக இருக்கும்போது ஸ்ட்ராங்கான ஃபில்டர் காபி இன்னும் கொஞ்சம் படபடப்பைத்தான் சேர்க்கும். உடம்பில் போன கஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். நாலரை மணிக் காபியில் பாதி ஒன்பதரைக்கும் உள்ளே இருக்கிறது. மூன்றாவது தடவை போகும்போது சுக்கு மல்லி சொல்லுங்கள். நீர்மோர் இன்னும் உத்தமம்.

ஒரு தம் அடித்தால் உடனே ரிலாக்ஸ் ஆகிறதே?

நிக்கோட்டின் இதயத் துடிப்பைக் கூட்டுகிறது, இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. அமைதியாவதுபோலத் தோன்றுவதற்குக் காரணம், போன சிகரெட்டின் நிக்கோட்டின் குறைந்ததால் வந்த தவிப்பு இந்த சிகரெட்டால் அடங்குவது. சிகரெட் உண்டாக்கிய டென்ஷனைத்தான் சிகரெட் தணிக்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. தம் அடிப்பவர் கட்டடத்தைவிட்டு வெளியே வருகிறார், நிற்கிறார், நீளமாக ஊதுகிறார். ஐந்து நிமிடம் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. அந்த ஐந்து நிமிடமும் நீளமான மூச்சும் புகைக்காதவர்களுக்கும் உண்டு. "தம்முக்குப் போறேன்" என்றால் விடுகிற அலுவலகம் "சும்மா நிக்கப் போறேன்" என்றால் முறைக்கிறது என்பதுதான் வேதனை.

கிடைக்கிற பத்து நிமிடத்தில் ரீல்ஸ் பார்க்கிறேன். அதுவும் ஓய்வுதானே?

கண்ணுக்கும் இல்லை, மூளைக்கும் இல்லை. அமெரிக்காவின் ரட்ஜர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2019-இல் மாணவர்களுக்குச் சொற்புதிர்கள் கொடுத்து, நடுவில் இடைவேளை விட்டார்கள். இடைவேளையில் கைபேசியைப் பயன்படுத்தியவர்கள் திரும்பி வந்து மற்றவர்களைவிடத் திணறினார்கள். இடைவேளையே எடுக்காதவர்களின் நிலைமைக்கு அது கிட்டத்தட்டச் சமம்.

போனைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கோ சிநேகிதருக்கோ போன் போட்டுப் பேசுங்கள். அது வேறு ரகம். விரலால் தள்ளிக்கொண்டே போகும் வேலை மட்டும் இந்தப் பத்து நிமிடத்துக்கு வேண்டாம். பதிலாக ஜன்னல் பக்கம் போய் நில்லுங்கள். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபதடி தூரத்தை இருபது நொடி பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை முடிந்தவர்களில் மரம் தெரியும் ஜன்னலோரம் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

முகம் கழுவினால் போதும் என்கிறார்களே?

குளிர்ந்த தண்ணீர் என்றால் உண்மையாகவே வேலை செய்யும். நெற்றி, கண்ணைச் சுற்றிய பகுதி, கன்னம் ஆகியவற்றில் குளிர் பட்டால் இதயத் துடிப்பு குறைகிறது. நீருக்குள் மூழ்கும் பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் உள்ள அனிச்சைச் செயல் இது, நமக்கும் மிச்சமிருக்கிறது. மே மாதம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவது டீ போடுகிற சூட்டில் இருக்கும். அதை நம்ப வேண்டாம். வாட்டர் கூலரில் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, கண்ணிலும் நெற்றியிலும் அரை நிமிடம் ஒற்றி எடுங்கள். இதய நோய் உள்ளவர்கள் ஐஸ் தண்ணீரில் முகத்தை அமுக்கும் சாகசத்தில் இறங்கக்கூடாது.

தைலம்?

தடவுங்கள். மெந்தால் தோலில் குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் குளிர்ச்சிபோலத் தெரிகிறது, தோல் உண்மையில் குளிர்வதில்லை. ஆனால் தைலம் தேய்க்கிற சாக்கில் இரண்டு நிமிடம் நெற்றியையும் பிடரியையும் அழுத்தி விடுகிறோம் பாருங்கள், பாதிப் பலன் அதில்தான்.

இசை கேட்கலாமா? எந்த ராகம்?

உங்களுக்குப் பிடித்தது, வேகம் குறைந்தது. தாலாட்டுக்கு நீலாம்பரி என்பது மரபு. மத்தியானம் மூன்று மணிக்கு அதைக் கேட்டுத் தூங்கிவிட்டால் நான் பொறுப்பில்லை. ஒரு சுவையான செய்தி: மேலே சொன்ன பெர்னார்டியே 2006-இல் இசையை வைத்தும் ஓர் ஆய்வு செய்தார். வேகமான இசை மூச்சையும் துடிப்பையும் கூட்டியது. பாட்டுகளுக்கு நடுவே விட்ட இரண்டு நிமிட மௌனத்தில், கேட்டவர்கள் இசை தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிடத் தளர்ந்திருந்தார்கள். ஆகவே ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாதபடி நிறுத்திவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாருங்கள்.

நான் வீட்டில் இருப்பவள். எனக்கு இடைவேளை என்று ஒன்றே கிடையாது. காலை ஐந்தரையிலிருந்து ஓட்டம்தான்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்காவது சாப்பாட்டு நேரம் என்று ஒன்று உண்டு. உங்களுக்கு அடுத்தவர் சாப்பாட்டு நேரம்தான் உச்சகட்ட வேலை. அதனால் தனி நேரம் தேடாமல், ஏற்கெனவே காத்திருக்கிற நேரங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். குக்கரில் பருப்பு வைத்துவிட்டு மூன்று விசில் வரும்வரை பொதுவாக என்ன செய்கிறோம்? வெங்காயம் நறுக்குகிறோம், சிங்க்கில் கிடப்பதைத் தேய்க்கிறோம். ஒரு நாளில் ஒரு குக்கரை மட்டும் உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, தோளைத் தூக்கி இறக்கி, மெதுவாக மூச்சு விடுங்கள். விசில் வரும், நீங்கள் கவனிக்க வேண்டியதில்லை, அதுவே கூப்பிடும்.

சிலருக்குக் கழிவறைதான் வீட்டிலுள்ள ஒரே தனிமை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் கூடுதலாக இருங்கள். ஆனால் சும்மா உட்காருவதற்கே ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்றால், அதை வீட்டில் சத்தமாகச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வண்டி ஓட்டும்போது?

கண்ணை மூடும் எதுவும் கூடாது. மற்றபடி சிவப்பு சிக்னல் நல்ல இடம். நொடிகள் இறங்குவது காட்டப்படும் சிக்னலில் அறுபது என்று வந்தால், ஆறு நிதானமான மூச்சுக்கு நேரம் இருக்கிறது. ஸ்டீயரிங்கை அல்லது ஹேண்டில்பாரை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று பார்த்து, விரல்களைத் தளர்த்துங்கள். பின்னால் இருப்பவர் மூன்று நொடி இருக்கும்போதே ஹாரன் அடிப்பார். அவருக்கும் இந்தப் பக்கத்தை அனுப்பலாம்.

திட்டு வாங்கி அரை மணி நேரம் ஆயிற்று. இன்னும் கை நடுங்குகிறது. நான் ரொம்ப பலவீனமானவனா?

இல்லை. அட்ரினலின் சில நிமிடங்களில் வடிந்துவிடும். அடுத்து வருகிற கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன், சம்பவம் தொடங்கி இருபது, முப்பது நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்கே போகும். உங்களைத் திட்டியவர் மறந்துவிட்டு டீ குடிக்கும் நேரத்தில் உங்கள் உடம்பில் அது உச்சத்தில் இருக்கிறது. அந்த அரை மணிக்குள் பதில் மெயில் எழுதாதீர்கள், ராஜினாமா கடிதமும் எழுதாதீர்கள்.

எழுந்து நடங்கள். இரண்டு மாடி இறங்கி ஏறினாலும் போதும். ஓடுவதற்காகக் கிளம்பிய வேகத்துக்குக் கொஞ்சமாவது ஓட இடம் கொடுங்கள். அப்புறம், என்ன உணர்கிறீர்கள் என்பதை ஒரே வார்த்தையில் மனதுக்குள் சொல்லுங்கள்: கோபம், அவமானம், பயம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னால், அபாயத்துக்கு மணியடிக்கும் அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது. 'அவன் யாரு என்னைச் சொல்ல' என்று வாதாடுவது வேறு, 'எனக்கு அவமானமாக இருக்கிறது' என்பது வேறு. முதலாவது கிளறும்.

பொதுத்தேர்வு அறையில் வினாத்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகிறது.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் தருகிறார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் முதல் ஒரு நிமிடத்தைப் படிக்காமல் செலவழியுங்கள். இரண்டு பாதமும் தரையில் பட உட்கார்ந்து, நீளமாக ஐந்து மூச்சு. பிறகு தெரிந்த கேள்வி ஒன்றைத் தேடுங்கள், தெரியாததை அல்ல. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வாசலில் வைத்து "டென்ஷன் ஆகாதே" என்று பத்து தடவை சொல்ல வேண்டாம்.

மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடலாமா?

பத்து முதல் இருபது நிமிடம் தாராளமாக. அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழும்போது மந்தமாக இருக்கும். நாசா நெடுந்தூர விமானிகளை வைத்துச் செய்த ஆய்வில் சராசரியாக 26 நிமிடம் தூங்கியவர்களுக்கு விழிப்பும் செயல்திறனும் கூடியிருந்தன. மூன்று மணிக்கு மேல் வேண்டாம், இரவுத் தூக்கம் கெடும். தயிர் சாதத்துக்குப் பிறகு அலாரம் வைக்காமல் படுப்பவர்களை நாசாவாலும் காப்பாற்ற முடியாது.

எத்தனை நிமிட இடைவேளை போதும்?

பத்து நிமிடத்துக்குள்ளான குட்டி இடைவேளைகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ருமேனிய ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். களைப்பு குறைய, தெம்பு கூட அவை போதும். கணக்கு, குறியீடு என்று மூளையைப் பிழியும் வேலையில் திறன் மீள்வதற்கு மட்டும் பத்து நிமிடம் பத்தாது.

செய்யலாம்தான், நேரத்துக்கு நினைவே வருவதில்லை.

நினைவூட்டும் அலாரம் நாலு நாள் ஒலிக்கும், ஐந்தாம் நாள் அணைத்துவிடுவீர்கள். அதைவிட, நாள்தோறும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். ஓ.டி.பி. வரும்வரை, கணினி திறக்கும்வரை, லிஃப்ட் வரும்வரை, அடுத்த மீட்டிங்கில் எல்லாரும் சேரும்வரை. இந்த நேரங்களில் நாம் திரையை முறைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த நேரத்தில் தாடையைத் தளர்த்தி இரண்டு மூச்சு விடுங்கள்.

இது வெறும் டென்ஷன்தானா, மாரடைப்பா என்று எப்படித் தெரியும்?

வீட்டிலிருந்தே உறுதியாகச் சொல்ல முடியாது. திடீர் பீதித் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தணியும். நெஞ்சில் பாரம் அழுத்துவதுபோல வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் மூச்சுப் பயிற்சி செய்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமலும் வரலாம். இந்தியாவில் 108, இலங்கையில் 1990. வாயுவாக இருந்து திரும்பி வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இதெல்லாம் செய்தும் குறையவில்லை என்றால்?

இரண்டு சாத்தியம். ஒன்று, வேலையே ஒருவருக்கு மேற்பட்டதாக இருக்கலாம். மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, வருடம் ஒருநாள் யோகா வகுப்பு நடத்தும் நிறுவனங்கள் உண்டு. அதற்கு மருந்து ஆள் எடுப்பதுதான், பெருமூச்சு இல்லை. இன்னொன்று, தூக்கமின்மை, பசியின்மை, காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது ஐந்து நிமிட உத்திகளின் எல்லையைத் தாண்டியது. மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், இப்போதே கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் ஆபீஸ் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

படுப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் நாளைய வேலைகளை எழுதுங்கள். ஐந்து நிமிடம் போதும். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளியான ஆய்வில், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். ஆகவே 'நாளைக்கு நிறைய வேலை' என்று எழுதிப் பயனில்லை. 'பத்தரைக்குள் ஆடிட்டருக்கு பில் அனுப்ப வேண்டும், கேஸ் புக் பண்ண வேண்டும், பையனின் ஃபீஸ் கட்ட 15-ஆம் தேதி கடைசி நாள்' என்று எழுதுங்கள். போனில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். போனைத் திறந்தால் அப்படியே வாட்ஸ்அப்புக்குள் போய்விடுவீர்கள்.